வாற்கோதுமையின் இலைத்துரு: எதிர்ப்பாற்றல் ஏன் முறிகிறது?

வாற்கோதுமை என்றதும் நம்மவரில் பலருக்கு நினைவுக்கு வருவது காய்ச்சல் காலத்துப் பார்லிக் கஞ்சி ஒன்றுதான். ஆனால் மனிதன் முதன்முதலில் பயிரிட்ட தானியங்களுள் அதுவும் ஒன்று. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆசியாவில் அதை விதைத்து அறுத்திருக்கிறார்கள். நாம் இன்று தங்கிப் பயிலும் வடநாட்டில் அதற்கு 'ஜௌ' என்று பெயர். ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் அது குளிர்காலப் பயிர். வறுத்து மாவாக்கிச் 'சத்து' என்று உண்கிறார்கள்; கால்நடைக்குத் தீவனமாகக் கொடுக்கிறார்கள்; முளை கட்டி மால்ட் எடுக்கிறார்கள். கோதுமை தாங்காத உவர் நிலத்திலும், நீர் குறைந்த நிலத்திலும், இமயமலைச் சரிவிலும் விளைந்து ஏழை உழவனைக் காப்பது அதன் தனிச் சிறப்பு.

நான் பயிர் நோயியல் பயில்பவன். "நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவன், வாற்கோதுமைக்கு வரும் நோயைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நெல்லுக்குத் துரு நோய் வருவதில்லை. ஆதலால் தஞ்சையிலும் திருச்சியிலும் வளர்ந்தவர்கள் அந்நோயின் கொடுமையை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால், நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பயிருக்கு ஊட்டுவது எப்படி, ஊட்டிய ஆற்றல் சில ஆண்டுகளில் ஏன் பயனற்றுப் போகிறது என்னும் இரு கேள்விகளும் எல்லாப் பயிருக்கும் பொதுவானவை. நெல்லின் குலை நோய்க்கும் அவை பொருந்தும். வாற்கோதுமையின் இலைத்துரு அவற்றைத் தெளிவாகக் கற்பிக்கும் ஒரு நல்ல பாடம். அப்பாடத்தை நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

1. நோயும் அதன் காரணமும்

இலைத்துரு நோய்க்குக் காரணம் 'பக்சீனியா ஹோர்டியை' என்னும் பூசணம். நோயுற்ற பயிரின் இலையில், பெரும்பாலும் மேற்புறத்தில், ஊசி முனை அளவில் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றும். கொப்புளம் வெடித்தால் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத் தூள் வெளிப்படும். விரலால் தடவினால் இரும்புத் துருவைப் போல ஒட்டிக்கொள்ளும். துரு நோய் என்ற பெயரின் காரணம் இதுவே. அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. காற்று அதை அடுத்த செடிக்கும், அடுத்த வயலுக்கும், சில வேளைகளில் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் கொண்டு செல்கிறது.

வித்து இலையின் மேல் விழுந்து, இரவுப் பனியின் ஈரமும் மிதமான குளிர்ச்சியும் கிடைத்தால் சில மணி நேரத்தில் முளைக்கும். முளைக்குழாய் இலைத்துளையைத் தேடிச் சென்று அதன் வழியே உள்ளே நுழையும். உள்ளே சென்றதும் இழைகளாகப் பரவி, செடியின் உயிரணுக்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உணவை எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். இப்பூசணம் இறந்த திசுவில் வாழாது. தன்னைத் தாங்கும் உயிரணு உயிரோடு இருக்கும் வரைதான் அதற்கு வாழ்வு. பின்னால் வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

உள்ளே நுழைந்த எட்டுப் பத்து நாட்களில் புதிய கொப்புளம் வெடித்து மீண்டும் வித்துகளை உதிர்க்கும். ஒரு பருவத்தில் இச்சுற்று பலமுறை நடைபெறும். இலை பச்சையத்தை இழக்கும், மணி சுருங்கும். எளிதில் நோய்க்கு ஆளாகும் இரகங்களில் விளைச்சலில் நூற்றுக்கு 62 பங்கு வரை இழப்பு ஏற்பட்டதாக ஆஸ்திரேலியாவில் பதிவு உண்டு.

2. இரு வீடுகளில் வாழும் பூசணம்

துருப் பூசணங்களின் வாழ்க்கை விந்தையானது. வாற்கோதுமையின் மேல் அது வளர்வது பாதி வாழ்க்கைதான். பயிர் முதிரும்போது கருநிற வித்துகள் உண்டாகும். அவை ஓய்விலிருந்து முளைத்துத் தரும் நுண்வித்துகள் வாற்கோதுமையைத் தாக்குவதில்லை. அவை தாக்குவது 'ஆர்னிதோகாலம்' என்னும் வேறொரு செடியை. வெங்காயத்தைப் போல நிலத்தடியில் பூண்டு கொண்டு, வெண்ணிறப் பூப் பூக்கும் அச்செடியை மேல்நாட்டார் 'பெத்லகேமின் விண்மீன்' என்று அழைப்பர். அதன் இலையில்தான் பூசணத்தின் பாலினச் சேர்க்கை நிகழ்கிறது. அங்கே பிறக்கும் வித்துகள் மீண்டும் வாற்கோதுமையைத் தாக்கும்.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நாடுகளில், குறிப்பாக இஸ்ரேலில், காட்டு வாற்கோதுமை, ஆர்னிதோகாலம், துருப் பூசணம் ஆகிய மூன்றும் பன்னெடுங்காலமாக ஒரே மலைச்சரிவில் சேர்ந்து வாழ்கின்றன. ஆகையால் துருவின் வகைகளும் அங்கே மிகுதி; அதை எதிர்க்கும் ஜீன்களும் அங்கே மிகுதி. மற்றப் பெரும்பாலான நாடுகளில் பாலினச் சேர்க்கை அரிது. அங்கெல்லாம் பூசணம் பழுப்பு வித்துகளைக் கொண்டு மட்டுமே ஆண்டு முழுவதும் காலந்தள்ளுகிறது. அறுவடைக்குப் பின் வரப்பிலும் தரிசிலும் தானாக முளைத்து நிற்கும் வாற்கோதுமைச் செடிகளே அடுத்த பருவம் வரை அதற்குப் பாலமாக அமைகின்றன.

3. ஜீனுக்கு ஜீன்

துரு நோயை எதிர்க்கும் தன்மை பெற்றோரிடமிருந்து மெண்டலின் விதிப்படி இறங்குகிறது என்பதை, கோதுமையின் மஞ்சள் துருவைக் கொண்டு 1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிஃபன் எடுத்துக் காட்டினார். வாற்கோதுமையின் இலைத்துருவிலும் அப்படியே என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் வாட்டர்ஹவுஸ் 1927இல் வெளியிட்டார். எதிர்க்கும் இரகத்தையும் எதிர்க்காத இரகத்தையும் ஒட்டுச் சேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் மூன்று பங்கு எதிர்க்கும், ஒரு பங்கு எதிர்க்காது. ஒரே ஒரு ஜீன் போதும் என்று தெரிந்ததும் பயிர் இனவிருத்தியாளர்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர். நோய்க்கு முடிவு கண்டுவிட்டோம் என்றே பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை ஏன் நிலைக்கவில்லை என்பதை விளக்கியவர் ஃபுளோர் என்னும் அமெரிக்க அறிஞர். வட டகோட்டாவில் ஆளிச் செடியின் துருவை ஆராய்ந்த அவர், செடியை மட்டும் அல்லாமல் பூசணத்தையும் ஒன்றோடொன்று இணைசேர்த்துப் பார்த்தார். 1940களில் அவர் கண்ட உண்மை இது: செடியில் எதிர்ப்புத் தரும் ஒவ்வொரு ஜீனுக்கும் நேராக, பூசணத்திலும் ஒரு ஜீன் இருக்கிறது. இதனை 'ஜீனுக்கு ஜீன்' கொள்கை என்பர்.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஊருக்குக் காவலாளி ஒருவன் இருக்கிறான். அவன் எல்லாத் திருடரையும் அறிந்தவன் அல்லன். சிவப்புத் தலைப்பாகை கட்டிய திருடனை மட்டும் அடையாளம் காணக் கற்றவன். சிவப்புத் தலைப்பாகை தெரிந்தால் உடனே கூச்சலிடுவான், கதவுகள் அடைபடும். திருடன் தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தால்? காவலாளி விழித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆயினும் திருட்டு நடந்துவிடும்.

செடியின் எதிர்ப்பு ஜீன் அக்காவலாளி. பூசணம் செடியை ஏமாற்றுவதற்காக உயிரணுவுக்குள் செலுத்தும் புரதம் அத்தலைப்பாகை. காவலாளி அதைக் கண்டுகொண்டால், தாக்கப்பட்ட உயிரணு தன்னைத் தானே மாய்த்துக் கொள்கிறது. உயிருள்ள திசுவில் மட்டும் வாழும் பூசணம் அங்கேயே பட்டினியால் சாகிறது. இலையில் ஒரு சிறு வெளிறிய புள்ளி மட்டும் எஞ்சும். பூசணத்தின் அந்த ஒரு ஜீன் கெட்டுப்போனாலோ மாறினாலோ, காவலாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை; செடி நோய்க்கு இரையாகிறது. வீரியம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பூசணம் புதிய வலிமை பெற்றுவிடுவதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றை இழந்துவிடுகிறது. இழப்பது எளிது; ஆக்குவது அரிது. எதிர்ப்பாற்றல் விரைவில் முறிவதன் மூலகாரணம் இதுவே.

இது வெறும் ஊகமன்று. வாற்கோதுமையின் எதிர்ப்பு ஜீன்களை 'ஆர்.பி.எச்.' என்ற எழுத்துகளோடு எண்ணிட்டு அழைப்பர். இன்று அவ்வாறு 28 ஜீன்கள் வரை எண் பெற்றுள்ளன. அவற்றுள் முதலாவதைப் பிரித்தெடுத்த ஆராய்ச்சி 2019இல் வெளியாயிற்று. அயலான் புரதத்தை உணர்ந்து எச்சரிக்கும் வகுப்பைச் சேர்ந்த புரதத்தையே அது உண்டாக்குகிறது. 2022இல் விளக்கம் பெற்ற ஆர்.பி.எச். 3 வேறு வகை. உயிரணுச் சவ்வில் அமையும் புரதம் அது என்று கருதப்படுகிறது. தன்னால் எதிர்க்கப்படும் துரு இனம் தாக்கும்போதுதான் அந்த ஜீன் விழித்தெழுந்து வேலை செய்கிறது. காவலாளிகளும் பல வகையினர் என்று கொள்ளலாம்.

4. இனங்களைக் கண்டறியும் முறை

கண்ணால் பார்த்தால் எல்லாத் துருவும் ஒன்றுபோலவே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. எந்த இனம் எந்த ஜீனை வெல்லும் என்பதைச் செடியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கோதுமையின் தண்டுத்துருவில் இவ்வகை இனங்கள் உண்டு என்பதை அமெரிக்காவில் ஸ்டேக்மன் 1917இல் தம் உடன் ஆய்வாளரோடு வெளியிட்டார். அவர் காட்டிய வழியையே இன்றும் பின்பற்றுகிறோம்.

ஒவ்வொன்றிலும் தெரிந்த ஓர் எதிர்ப்பு ஜீன் அமைந்த இரகங்களை வரிசையாக விதைப்போம். அவற்றின் பெயர்களே ஓர் உலகப் படம். ஆர்.பி.எச். 1 உள்ள இரகம் சூடான், ஆர்.பி.எச். 2 உள்ளது பெருவியன். 3 உள்ளது எஸ்டேட். 4 உள்ளது கோல்டு. 7 உள்ளது செபாடா காபா. 8 உள்ளது எகிப்து 4. 12 உள்ளது டிரையம்ஃப். விதைத்து எட்டு நாளான நாற்றுகளின் முதல் இலை விரிந்ததும், வயலிலிருந்து வந்த துருத்தூளை மாக்கல் தூளோடு கலந்து தூவுவோம். ஓரிரவு ஈரம் நிறைந்த கூண்டில் வைத்து, பின் கண்ணாடி மனைக்கு மாற்றுவோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒவ்வோர் இலையையும் உருப்பெருக்காடியில் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவோம். 0, 1, 2 என்றால் எதிர்க்கிறது. 3, 4 என்றால் வீழ்ந்துவிட்டது. ஒரே தட்டில், ஒரே தூளை ஏற்ற நாற்றுகளுள் ஒன்று மாசற்று நிற்பதையும் அடுத்தது கொப்புளம் நிறைந்து பழுத்திருப்பதையும் முதன்முறை பார்க்கும் எவரும் வியக்காமல் இருக்க முடியாது. நானும் வியந்தேன்.

இம்முடிவுகளைச் சுருக்கி எழுத ஓர் அழகிய முறை உண்டு. 1973இல் கில்மோர் என்பவர் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார். இரகங்களை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு தொகுதியில் முதல் இரகம் வீழ்ந்தால் 1, இரண்டாவது வீழ்ந்தால் 2, மூன்றாவது வீழ்ந்தால் 4. மூன்றையும் கூட்டினால் 0 முதல் 7 வரை ஓர் எண் கிடைக்கும். முதலும் மூன்றும் வீழ்ந்தால் 5. மூன்றும் வீழ்ந்தால் 7. ஒன்றும் வீழாவிடில் 0. 1, 2, 4 ஆகியவற்றை எப்படிக் கூட்டினாலும் ஒரே எண் இருமுறை வராது. ஆகவே பன்னிரண்டு இரகங்களின் செய்தி முழுவதையும் நான்கே இலக்கங்களில் அடக்கிவிடலாம். கணக்கு மாணவர்கள் இதை எண்மான முறை என்று உடனே கண்டுகொள்வார்கள்.

5. புதிய இனங்கள் எங்கிருந்து வருகின்றன?

வழிகள் மூன்று. ஒன்று, தற்செயலாக நேரும் ஜீன் மாற்றம். இரண்டு, ஆர்னிதோகாலத்தின் மேல் நிகழும் பாலினச் சேர்க்கை. மூன்று, பிற நாட்டிலிருந்து காற்றிலோ பயணிகளின் உடையிலோ வந்து சேரும் வித்து.

முதல் வழி அற்பமானது என்று எண்ணிவிடலாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 20 லட்சம் செடிகள் என்றும், நோய் முற்றிய வயலில் செடிக்கு 50 கொப்புளம் என்றும், ஒரு கொப்புளம் நாளொன்றுக்கு ஆயிரம் வித்துகளை உதிர்க்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கொப்புளங்கள் 10 கோடி. ஒரு நாள் வித்துகள் 10,000 கோடி. பத்து லட்சம் வித்துகளில் ஒன்றில்தான் குறிப்பிட்ட ஜீன் கெடுகிறது என்று கொண்டாலும், ஒரே ஹெக்டேரில் ஒரே நாளில் ஒரு லட்சம் மாறிய வித்துகள் உண்டாகின்றன. பழுப்பு வித்தில் இரு உட்கருக்கள் உண்டு. ஆதலால் இரண்டிலும் அந்த ஜீன் நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் கெட வேண்டும். ஆனால் ஒன்றில் முன்பே கெட்டிருந்தால், மற்றதில் நேரும் ஒரே மாற்றம் போதும். விழுந்த வித்துகளில் பெரும்பாலானவை மண்ணில் வீணாகின்றன என்பதும் உண்மையே. ஆயினும் லட்சத்தில் ஒன்று தப்பினால் போதுமல்லவா? ஊரெங்கும் ஒரே எதிர்ப்பு ஜீன் கொண்ட ஒரே இரகம் விதைக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு வித்துக்குப் போட்டியே இல்லை. கண்ணுக்கெட்டிய வயல் அனைத்தும் அதற்கே விருந்து.

6. அனுபவம் சொல்லும் பாடம்

செபாடா காபாவிலிருந்து பெறப்பட்ட ஆர்.பி.எச். 7 மிகச் சிறந்த ஜீன் என்று போற்றப்பட்டது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அதை ஊட்டிய இரகங்கள் இரண்டு தலைமுறை மாணவர்கள் படித்து வெளியேறும் காலம் நிலைத்து நின்றன. அதை வெல்லும் இனம் 1970களில் இஸ்ரேலில் முதலில் காணப்பட்டது. பின்னர் அமெரிக்காவிலேயே வர்ஜீனியா, கலிபோர்னியா மாநிலங்களில் அத்தகைய இனம் உண்டு என்ற ஆராய்ச்சி 1993இல் வெளிவந்தது.

ஆஸ்திரேலியாவின் கதையும் இத்தகையதே. டிரையம்ஃபின் வழிவந்த ஆர்.பி.எச். 12 கொண்ட இரகங்கள் அங்கே பரவின. 1991இல் டாஸ்மேனியாவில் அதை வெல்லும் இனம் தோன்றிப் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஆர்.பி.எச். 3ஐ நம்பிய இரகங்களுக்கு 2009இல் அதே கதி நேர்ந்தது. இனவிருத்தியாளன் ஒரு இரகத்தை உருவாக்கப் பத்தாண்டு பாடுபடுகிறான். பூசணம் சில பருவங்களில் அதை முறித்துவிடுகிறது. ஏற்றம், பின் வீழ்ச்சி. மீண்டும் ஏற்றம், மீண்டும் வீழ்ச்சி. இதற்கிடையில் இழப்பைச் சுமப்பவன் ஆராய்ச்சியாளன் அல்லன், உழவன். புதிய இரகத்தை நம்பி மருந்து தெளிக்காமல் இருந்தவனுக்குத்தான் பேரிழப்பு.

காட்டு வாற்கோதுமையிலிருந்து பெற்ற ஆர்.பி.எச். 15 இன்று கையிலுள்ள வலிய ஜீன்களுள் ஒன்று. முந்நூறுக்கும் மேற்பட்ட துரு மாதிரிகளைக் கொண்டு சோதித்தபோது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அது எதிர்த்தது. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? இஸ்ரேலிலிருந்து. எதிர்ப்பு பிறந்த இடத்திலேயே அதை வெல்லும் வழியும் பிறந்திருக்கிறது.

7. நிலைத்து நிற்கும் எதிர்ப்பு

அப்படியானால் இனவிருத்தி வீண் முயற்சியா? இல்லை. வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்வேன்.

முதல் வழி, ஜீன்களை அடுக்குவது. மேலே போட்ட கணக்கையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு ஜீனை வெல்வதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டு ஜீன்களை ஒரே வித்து ஒரே நேரத்தில் வெல்வதற்கான வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. நாளொன்றுக்கு ஒரு லட்சம் மாறிய வித்துகள் என்பது போய், பத்து நாளைக்கு ஒன்று என்றாகிவிடுகிறது. மூன்று ஜீன்கள் என்றால், அதே ஹெக்டேர் அதே வேகத்தில் வித்து உதிர்த்தாலும் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அத்தகைய வித்து தோன்றும்.

முற்காலத்தில் இதைச் செய்வது கடினமாக இருந்தது. ஒரு நாற்று துருவை எதிர்த்து நிற்கிறது என்றால், அதில் ஒரு ஜீன் இருக்கிறதா, மூன்றும் இருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியாது. மூன்றும் ஒரே தோற்றத்தைத் தரும். இன்று ஒவ்வொரு ஜீனுக்கும் அருகில் உள்ள டி.என்.ஏ. குறிகளைக் கொண்டு, துருவைத் தூவாமலே நாற்றில் எவை உள்ளன என்று சொல்லிவிட முடிகிறது. நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து, ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை வாற்கோதுமையை வளர்க்கும் முறையையும் ஆஸ்திரேலிய, ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் 2018இல் விளக்கி எழுதினர்.

ஆனால் இங்கே ஒரு பெரும் நிபந்தனை உண்டு. அந்த மூன்று ஜீன்களில் ஒன்றைக்கூட எவரும் தனியாக விதைக்கக் கூடாது. ஒருவர் முதல் ஜீனைத் தனியாக ஓர் இரகத்தில் வெளியிட்டால் பூசணம் அதை மட்டும் வெல்லக் கற்றுக்கொள்ளும். மற்றொருவர் இரண்டாவதைத் தனியாக வெளியிட்டால் அதையும் கற்றுக்கொள்ளும். ஒரே தாவலில் ஏற முடியாத மதிலுக்கு நாமே படிக்கட்டு அமைத்துக் கொடுத்தது போல் ஆகும். பிறகு மூன்றையும் அடுக்கி என்ன பயன்? ஆதலின் எதிர்ப்பு ஜீன் என்பது ஒரு கம்பெனியின் சொத்தோ ஒரு நிலையத்தின் சொத்தோ அன்று. ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒருவர் தம் வயலுக்கு மட்டும் மடையைத் திறந்துவிட்டால் எல்லோர் வயலும் காயும். இதை இனவிருத்தியாளர்கள் தமக்குள் பேசி ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும் என்பதே என் துணிபு.

இரண்டாவது வழி, முழு எதிர்ப்பை விட்டு, நோயின் வேகத்தைக் குறைக்கும் எதிர்ப்பை நாடுவது. ஹாலந்து நாட்டில் வாகனிங்கன் நகரில் பார்லெவ்லீட் என்ற அறிஞர் 1970களில் 'வாடா' என்னும் இரகத்தை நுணுகி ஆராய்ந்தார். அதில் கொப்புளம் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் குறைவாகத் தோன்றுகிறது, சிறிதாக இருக்கிறது, நாள் கழித்து வெடிக்கிறது. பார்வைக்கு இது அரைகுறை எதிர்ப்பு. ஆனால் கணக்குக்கு அப்படியன்று.

கடன் வாங்கியவர்களுக்கு வட்டிக்கு வட்டியின் கொடுமை தெரியும். துருவும் அவ்வாறே பெருகுகிறது. எளிதில் வீழும் இரகத்தில் ஒரு கொப்புளம் 8 நாளில் பத்துக் கொப்புளம் ஆகிறது என்போம். 80 நாளில் பத்துச் சுற்று. ஒன்று ஆயிரம் கோடியாகப் பெருக முடியும். அரைகுறை எதிர்ப்புள்ள இரகத்தில் 10 நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஐந்தே கொப்புளம் என்போம். 80 நாளில் எட்டுச் சுற்று. ஒன்று சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம்தான் ஆகும். வேறுபாடு 25,000 மடங்குக்கும் மேல்! வயலில் இலை தீர்ந்துவிடுவதால் கணக்கு இவ்வளவு தூரம் போகாது. ஆயினும் போக்கு இதுதான். இவ்வெதிர்ப்பு ஒரு காவலாளியை நம்பி நிற்பதில்லை. பல சிறு ஜீன்கள் சேர்ந்து தருவது. ஆகவே ஒரு மாற்றத்தால் அது முறிவதில்லை. வாடா போன்ற இரகங்களின் வழிவந்த ஆர்.பி.எச். 20 என்னும் ஜீன், நாற்றில் வேலை செய்யாமல் வளர்ந்த பயிரில் மட்டும் வேலை செய்வது என்று 2011இல் ஆஸ்திரேலியாவில் எடுத்துக் காட்டினர். நாற்றை மட்டும் பார்த்து இரகம் தேர்ந்தவர்கள் இத்தகைய ஜீன்களை எத்தனை முறை குப்பையில் எறிந்திருப்பார்களோ!

8. நம் நாட்டுக்கு என்ன?

இந்தியாவில் வாற்கோதுமைக்குப் பெருங்கவலை தருவது மஞ்சள் துருவே. இலைத்துரு அதற்கு அடுத்த நிலையில்தான் உள்ளது. ஆனால் பாடம் ஒன்றே. சிம்லாவில் ஃபிளவர்டேல் என்னுமிடத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை, வாற்கோதுமைத் துருக்களின் இனங்களைப் பேணி, ஆண்டுதோறும் நாடெங்குமிருந்து வரும் மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். கர்னாலில் இருந்த கோதுமை ஆராய்ச்சி இயக்ககம் 2014இல் கோதுமை, வாற்கோதுமை ஆராய்ச்சி நிறுவனமாக உயர்த்தப்பட்டது.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி ஆக்ரா கல்லூரிப் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா. சமவெளியின் கோடை வெயிலில் துரு வித்துகள் பிழைப்பதில்லை. பிறகு ஆண்டுதோறும் நோய் எங்கிருந்து வருகிறது? மலைகளில் தங்கியிருந்து காற்றில் இறங்கி வருகிறது என்று அவர் நிறுவினார். அவருடைய நூல் 1940இல் வெளியாயிற்று. வடக்கே இமயம்; தெற்கே நம் நீலகிரியும் பழனி மலையும். கோதுமையின் தண்டுத்துரு நடு இந்தியாவுக்கு வருவது இத்தென்மலைகளிலிருந்தே என்பதையும், வங்கக் கடலில் எழும் புயற்காற்று அதை ஏந்திச் செல்வதையும் பின்வந்தோர் மேலும் விளக்கினர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் தில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. துரு இயற்கையாகவே மிகும் இடத்தில் பிழைத்த கோதுமை எங்கும் பிழைக்கும் அல்லவா? நடு இந்திய உழவனின் வயலுக்கும் நம் நீலகிரிக்கும் இத்தகைய உறவு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

முடிவாக ஒன்று. நோயை முற்றிலும் ஒழித்துவிட்டோம் என்று சொல்லும் எந்த இரகத்தையும் ஐயத்தோடு பாருங்கள்; அதன் எதிர்ப்பு எத்தனை ஜீன்களில் நிற்கிறது என்று கேளுங்கள். வேளாண்மை மாணவர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அன்று இது. நாளை விதைக் கொள்கை வகுக்கும் அலுவலராகவும், வங்கியில் பயிர்க்கடன் வழங்குவோராகவும், கணிதத்தால் நோயின் போக்கை முன்னறிவிப்போராகவும் நம்மில் பலர் ஆகக்கூடும். ஒரே இரகத்தை மாநிலம் முழுவதும் பரப்பினால் வரும் ஆதாயம் இரண்டு பருவத்தில் தெரியும். கேடு ஐந்தாம் பருவத்தில் தெரியும். ஐந்தாம் பருவத்தையும் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பவரே உழவனுக்கு உற்ற துணைவர்.